கொப்பியில் ஆறு, கையில் இரண்டு

வாசகர் கேள்வி – பதில்

ஒட்சிசன் இயந்திரம், சக்கர நாற்காலி, காற்று மெத்தை, சிறுநீர் சேரும் சலப்பை போன்றவற்றை வாடகைக்கும் விலைக்கும் கொடுக்கும் சிறு கடைகள் பற்றி வன்னியின் பல பக்கமிருந்தும் கடிதங்கள் வந்திருந்தன. இருப்புத் தொடர்பான கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்திருக்கிறோம்.

*கிளிநொச்சியில் ஒரு வருசமாக இந்தத் தொழில் செய்கிறேன். கொப்பியைப் பார்த்தால் கடையில் ஆறு நெபுலைசர் இருக்கிறது. இரவில் இழுப்புக்காரப் பிள்ளையோடு ஒரு தாய் வந்து நின்றால் கொடுக்கக்கூடியதாக இரண்டுதான் இருக்கும். களவு போகவில்லை. கணக்கு எங்கே பிழைக்கிறது?*
– வாசகர், கிளிநொச்சி

உங்கள் கொப்பி பெட்டிகளை எண்ணுகிறது. வந்து நிற்கிற தாய்க்குப் பெட்டி போதாது. நெபுலைசர் என்றால் மருந்தைப் புகைபோல ஆக்கி இழுக்கக் கொடுக்கும் இயந்திரம், காற்றுக்குழாய், மருந்துக் கிண்ணம், பிள்ளையின் முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க், வடிகட்டிப் பஞ்சு, மின்வயர் எல்லாம் சேர்ந்ததுதான். சின்ன மாஸ்க் ஒன்று இல்லையென்றால் அந்த இயந்திரம் அன்றிரவு கடையில் இல்லை என்றே எழுதவேண்டும். குறையுள்ள பொருளை இருப்பில் சேர்ப்பதுதான் உங்கள் கணக்கின் பிழை.

வாடகைச் சாமானுக்கு "இருக்கிறது, இல்லை" என்ற இரண்டு நிலை போதாது. ஐந்து வேண்டும்: தயார், வெளியே, கழுவ, திருத்த, கழிவு. ஒரு பலகையில் இந்த ஐந்து தலைப்பின் கீழும் ஆணி அடித்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை செய்து தொங்கவிடுங்கள். பொருள் நகரும்போது அட்டையும் நகரவேண்டும். "தயார்" ஆணிக்கு அட்டையை மாற்றும் உரிமை ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும். அவர் இயக்கிப் பார்த்து, பாகங்களை எண்ணி, அட்டையின் பின்பக்கம் திகதியும் கையெழுத்தும் போட்ட பிறகே அது அங்கே போகும். கணினி வைத்திருப்பவர்களும் இந்தப் பலகையைக் கைவிடவேண்டாம். கரண்ட் போன நேரத்தில் கடைப் பையன் டோர்ச் அடித்துப் பார்த்துப் பதில் சொல்ல அது உதவும்.

ஒவ்வொரு பொருளுக்கும் தனி இலக்கம் கொடுங்கள்: நெ-1, நெ-2, கட்-1, சக்-7 என்று. கடதாசி லேபல் ஒட்டினால் இரண்டு தரம் கழுவியதும் போய்விடும். பெயின்றால் எழுதுங்கள், அல்லது தகட்டில் பொறித்துக் கட்டுங்கள். ஒரு சீ.ஆர். கொப்பியில் பொருளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி வாங்கிய திகதி, தொடர் இலக்கம், யாரிடம் போனது, எப்போது வந்தது, என்ன திருத்தம் என்பதை எழுதிவாருங்கள். இரண்டு வருசத்தில் எந்தப் பொருள் உழைக்கிறது, எது திருத்தத்திலேயே காசைத் தின்கிறது என்பது அந்தப் பக்கத்தைப் புரட்டினாலே தெரியும்.

பாகப் பட்டியலைப் பொருளோடு கட்டிவிடுங்கள். வைத்தியசாலைக் கட்டில் என்றால் தலைப்பலகை 1, காற்பலகை 1, பக்கக் கம்பி 2, சுற்றும் கைபிடி 2, சேலைன் கம்பி 1, சில்லு 4. கொமோட் கதிரை என்றால் வாளி, மூடி, காலுக்குரிய நான்கு ரப்பர். கொடுக்கும்போது வாசித்துக் காட்டி இருவரும் ஒப்பமிட்டு, தொலைபேசியில் ஒரு படமும் எடுத்துவிடுங்கள். திரும்பி வருவதை வாசலோரம் தனி இடத்தில் இறக்கவேண்டும். வந்த சாமான் நேரே தட்டுக்கு ஏறினால், கழுவாததும் குறையுள்ளதும் நல்லதோடு கலந்துவிடும். உங்கள் கடையில் நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான்.

*ஒட்சிசன் செறிவூட்டி இயந்திரம் மூன்று வைத்திருக்கிறேன். ஒன்று நான்கு மாதம் சும்மா கிடந்தது. ஒரு வீட்டுக்குக் கொடுத்த அன்றே மஞ்சள் விளக்கு எரிந்தது. காற்று வருகிறது. பாவிக்காத இயந்திரம் எப்படிப் பழுதாகும்?*
– வாசகி, புதுக்குடியிருப்பு

சும்மா கிடந்ததால்தான் பழுதாகியிருக்கிறது, தங்கச்சி. அந்த இயந்திரத்துக்குள் இரண்டு உருளைகளில் சியோலைற்று என்ற மணிகள் இருக்கின்றன. காற்றிலுள்ள நைதரசனை அவை பிடித்துக்கொள்ள, ஒட்சிசன் வெளியே வருகிறது. ஆனால் சியோலைற்றுக்கு நைதரசனை விட ஈரத்தில்தான் ஆசை அதிகம். மாரி காலத்தில் மாதக்கணக்காக நிறுத்திவைத்தால் மணிகள் ஈரத்தைக் குடித்துவிடும். பிறகு மோட்டர் ஓடும், காற்று வரும், ஆனால் அது ஒட்சிசன் குறைந்த காற்று. நிமிடத்துக்கு 5 லீற்றர் தரும் நல்ல இயந்திரம் 87 முதல் 96 சதவீதம் வரை ஒட்சிசன் கொடுக்கவேண்டும். அது ஏறக்குறைய 82, 85 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மஞ்சளோ சிவப்போ எரியும்.

இனி மாதம் ஒரு தடவையாவது ஒவ்வொன்றையும் சில மணி நேரம் ஓடவிடுங்கள். எத்தனை மணி என்பதை அந்தந்த இயந்திரத்தின் கையேடு சொல்லும், அதன்படி செய்யுங்கள். ஓட்டிய திகதியை அட்டையில் எழுதவேண்டும். வைக்கும் இடம் நிலத்திலிருந்து உயர்ந்து, ஒழுக்கில்லாமல் இருக்கட்டும். எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள்; ஓட்டோவில் கொண்டுபோகும்போதும் படுக்கப் போடக்கூடாது.

விளக்கை மட்டும் நம்பிக் கொடுக்கவேண்டாம். ஒட்சிசன் அளக்கும் சிறு கருவி ஒன்று வாங்குங்கள். இந்தத் தொழிலில் கண்ணை மூடிக்கொண்டு காசு போடக்கூடிய பொருள் அது. ஒட்சிசனை ஈரமாக்கும் தண்ணீர்ப் போத்தலை, அதாவது ஈரப்போத்தலைக் கழற்றிவிட்டு, நோயாளிக்குச் சொல்லப்பட்ட அளவில் 10 நிமிடம் ஓடவிட்டு அளந்து, வந்த எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள். 94, 92, 89 என்று மாதாமாதம் இறங்கினால் விளக்கு எரியுமுன்பே திருத்தக் கொடுக்கலாம்.

பிறகு ஈரப்போத்தலைப் பூட்டி, மூக்குக்குழாயை விரலால் மடித்து இறுக்கிப் பிடியுங்கள். சில விநாடியில் போத்தலின் மூடியிலிருந்து விசில் போல ஒரு சத்தம் வரவேண்டும். வந்தால் மூடி இறுக்கமாக இருக்கிறது. வராவிட்டால் காற்று மூடியோரத்தால் ஒழுகுகிறது. மூடியைச் சரிந்து பூட்டியிருப்பார்கள், அல்லது உள்ளே ரப்பர் வளையம் இருக்காது. இயந்திரம் பழுது என்று திருப்பி அனுப்பப்படுவதில் கணிசமானது இந்த மூடிதான். இயந்திரத்துக்கு ஒன்று வீதம் மேலதிகப் போத்தல் கையிருப்பில் இருக்கட்டும்.

பின்பக்கப் பஞ்சு வடிகட்டியைக் கிழமைக்கொருமுறை சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, முழுதாக உலர்ந்த பிறகே போடவேண்டும். நம்முடைய செம்மண் புழுதிக்கு அது காணாது, இரண்டு தரம் கழுவச் சொல்லுங்கள். ஒன்று கழுவ ஒன்று போட என்று வீட்டுக்கு இரண்டு பஞ்சு கொடுத்துவிட்டால் ஈரப்பஞ்சைப் போடும் பிரச்சினை ஒழியும். சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வைக்கவேண்டும். அடுப்படிக்கும் சுவாமி விளக்குக்கும் கிட்ட வைக்கவே கூடாது.

கொடுக்கும்போதும் வாங்கும்போதும், இயந்திரம் ஓடிய மணித்தியாலத்தைக் காட்டும் மணிமானியைக் குறித்துக்கொள்ளுங்கள். வைத்தியர் நாளுக்கு 15 மணித்தியாலம் என்று எழுதியிருந்தால் 30 நாளில் 450 மணி ஓடியிருக்கவேண்டும். 60 மணிதான் ஏறியிருக்கிறதென்றால் அந்த வீட்டில் ஆளுக்கு ஒட்சிசன் கிடைக்கவில்லை. காரணம் அநேகமாக மின் கட்டணம். 350 வோற்று இயந்திரம் 24 மணியும் ஓடினால் நாளுக்கு 8.4 அலகு, மாதம் 252 அலகு. வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் இது பெரிய தொகையாகும். இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். தெரியாமல் எடுத்துப்போய், பில் வந்ததும் இரவில் நிறுத்திவைக்கும் வீடுகளில்தான் ஆபத்து வருகிறது.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதும் உங்கள் இருப்புக் கணக்கில்தான் வரும். 10 லீற்றர் நீர்க் கொள்ளளவுள்ள சிலிண்டரை 137 பார் அழுத்தத்தில் நிரப்பினால் ஏறக்குறைய 1370 லீற்றர் ஒட்சிசன் கிடைக்கும். நிமிடத்துக்கு 2 லீற்றர் வீதம் 11 மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட வரும். நீங்கள் 10 என்றே கணக்கு வையுங்கள். சிலிண்டரோடு அதைத் திறக்கும் சாவியும், ரெகுலேற்றரும், அதன் வாசரும் போகவேண்டும். சாவி கடையில் கிடந்தால் சிலிண்டர் வெறும் இரும்புதான். வாசரில் எண்ணெய், கிறீஸ், வாசலின் எதுவும் படவே கூடாது. ஒட்சிசனோடு சேர்ந்தால் தீப்பற்றும்.

*சிறுநீர் போக உள்ளே விடும் சலக்குழாய், சலப்பை எவ்வளவு வாங்கி வைப்பது? கொழும்பிலிருந்து வர 10 நாள் பிடிக்கிறது. சில மாதம் முடிந்துவிடுகிறது, சில மாதம் காலாவதியாகிறது.*
– வாசகர், மல்லாவி

ஆளை எண்ணினால் சாமான் எண்ணிக்கை தானாக வரும். உங்களிடம் ஒழுங்காக வாங்குவோரின் பட்டியலை எழுதுங்கள். சலப்பை பாவிப்போர் 8 பேர், ஆளுக்குக் கிழமைக்கு ஒன்று என்றால் கிழமைக்கு 8. ஓடர் போட்டு வந்து சேர 10 நாள் என்கிறீர்கள், அதை இரண்டு கிழமையாகப் பிடியுங்கள்: 16. ஒரு கிழமைப் பாதுகாப்பு இருப்பு 8. கூட்டினால் 24. தட்டில் 24 ஆனவுடன் ஓடர் போடவேண்டும், முடியும்வரை பார்த்திருக்கக்கூடாது. அந்த 24ஐயும் தனிப் பையில் போட்டு, வாயைச் சிவப்பு நாடாவால் கட்டி அடியில் வையுங்கள். நாடாவை அவிழ்க்கிற கை அன்றே ஓடரைப் போடட்டும்.

ஐப்பசி தொடங்கித் தை வரை இந்தக் கணக்கு செல்லாது. வெள்ளத்தில் வீதி தடைப்பட்டால் 10 நாள் மூன்று கிழமையாகும், கிராமத்திலிருந்து ஆட்கள் வர முடியாமலும் போகும். புரட்டாதி முடியுமுன் பாதுகாப்பு இருப்பை ஒரு கிழமையிலிருந்து மூன்று கிழமைக்கு உயர்த்துங்கள். ஆளுக்கு ஒரு மாதத்துக்குரியதை முன்கூட்டியே வீட்டுக்குக் கொடுத்துவிடுவது இன்னும் நல்லது.

உள்ளே நிற்கும் சலக்குழாயில் லேற்றெக்ஸ் வகை பொதுவாக 4 கிழமைவரையும், முழுச் சிலிக்கன் வகை 12 கிழமைவரையும் பாவிக்கப்படும். மாற்றும் நாளைத் தாதியோ வைத்தியரோதான் தீர்மானிப்பார்கள், உங்கள் வேலை அந்த நாளில் சரியான அளவு கையில் இருப்பது. குழாயின் பருமன் இலக்கத்தை நிறத்தாலும் அறியலாம்: 12 வெள்ளை, 14 பச்சை, 16 செம்மஞ்சள், 18 சிவப்பு. பெரியவர்களுக்கு அதிகம் போவது 14உம் 16உம். 18 கொஞ்சம் போதும், உங்கள் காலாவதிக் குவியலில் அதுதான் இருக்கும் என்று நினைக்கிறோம். லேற்றெக்ஸ் வெயிலிலும் வெக்கையிலும் ஒட்டிப் பிசுபிசுக்கும். கண்ணாடி அலுமாரியில் அழகுக்கு அடுக்கவேண்டாம்.

முதுகுத்தண்டில் காயப்பட்டவர்களைத் தனியாகக் கணக்கிடுங்கள். 2009 மே வரை நடந்த போரில் இடுப்புக்குக் கீழ் இயக்கம் இழந்தவர்கள் இன்று நடுவயதைத் தாண்டுகிறார்கள். அவர்களில் பலர் நாளுக்கு 4 முதல் 6 தடவை குழாய் விட்டுச் சலம் எடுக்கவேண்டியவர்கள். ஒவ்வொரு தடவையும் புதியது என்றால், நாளுக்கு 5 வீதம் ஒரே ஆளுக்கு மாதம் 150. இப்படி மூன்று பேர் இருந்தால் 450. ஒருவரின் ஓடரை மறந்தாலே தட்டு வெறுமையாகும். அவர்களுக்கு இது தட்டுப்பாடு வரக்கூடாத பொருள். சலம் தேங்கினால் கிருமி ஏறிச் சிறுநீரகத்தைத் தாக்கும். நெஞ்சு மட்டத்துக்கு மேலே தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்கு இரத்த அழுத்தம் திடீரென்று உச்சத்துக்கு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். உங்கள் காசு முடங்குவது பற்றி யோசித்து எதையாவது குறைப்பதென்றால் வேறெதையும் குறையுங்கள், இதைக் குறைக்கவேண்டாம்.

அடுக்கும்போது முதலில் காலாவதியாவது முன்னுக்கு. முதலில் வந்தது முன்னுக்கு அல்ல, ஏனெனில் பிந்தி வரும் பெட்டிக்கு முந்திய காலாவதித் திகதி இருப்பதும் உண்டு. பெட்டியின் முகத்தில் தடித்த பேனையால் மாதத்தையும் வருசத்தையும் பெரிதாக எழுதிவிடுங்கள்.

*இரத்தச் சீனி பார்க்கும் குளுக்கோமீற்றர் ஸ்ரிப் பிழையான அளவு காட்டுகிறதென்று மூன்று பேர் திருப்பித் தந்தார்கள். திகதி முடியவில்லை.*
– வாசகர், முருங்கன்

தகரக் கூரைதான் காரணமாக இருக்கவேண்டும். பெரும்பாலான ஸ்ரிப்புகளை 30 பாகைக்கு மேல் வைக்கக்கூடாது. சித்திரை வைகாசியில் மன்னார்ப் பக்கம் தகரத்தின் கீழ் அந்த அளவு காலை 10 மணிக்கே தாண்டிவிடும். சீலிங் அடித்த அறையின் கீழ்த்தட்டில் வையுங்கள், அன்றைய உச்ச வெப்பத்தைக் காட்டும் வெப்பமானி ஒன்றை அதே தட்டில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டி தீர்வல்ல. எடுத்ததும் குப்பிக்குள் ஈரம் பிடிக்கும். குப்பியைத் திறந்த பிறகு அதன் ஆயுள் வேறு: வகையைப் பொறுத்து மூன்று அல்லது ஆறு மாதம். திறந்த திகதியைக் குப்பியில் எழுதச் சொல்லி விற்கவேண்டும். திருப்பி வந்த தொகுதியின் இலக்கத்தைப் பார்த்து, அதே இலக்கத்தில் மிஞ்சியிருப்பதை விற்காமல் நிறுத்திவையுங்கள். பிழையான அளவை நம்பி ஒருவர் இன்சுலின் போட்டுக்கொள்வார்.

*சக்கர நாற்காலி 12 இருக்கிறது, எப்போதும் நாலைந்து திருத்தத்தில். முன்சில்லு இறுகுகிறது, பிரேக் பிடிப்பதில்லை. உதிரிப்பாகம் என்னென்ன வைத்திருக்கவேண்டும்?*
– வாசகர், செட்டிகுளம்

முன்சில்லு மண்ணால் இறுகுகிறது. சாதாரண நாற்காலிகள் பெரும்பாலானவற்றில் முன்சில்லுக்கு 608 இலக்கப் பெயாரிங் போட்டிருக்கும்: உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிப்பு 7 மில்லிமீற்றர். சில்லுக்கு 2, நாற்காலிக்கு 4. அளந்து பார்த்து 12 நாற்காலிக்கு 16 பெயாரிங் கையிருப்பில் வைத்தால் போதும். அச்சைக் கழற்றும்போது தலைமயிரும் நூலும் கயிறு போலச் சுற்றியிருப்பதைக் காண்பீர்கள். அதை வெட்டி எடுத்தாலே பாதிச் சில்லுகள் ஓடும். எண்ணெய் ஊற்றவேண்டாம், புழுதியை இழுத்துப் பசையாக்கும். கிறீஸ் பூசுங்கள். குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்துக் கழுவுவதையும் நிறுத்துங்கள்.

பிரேக் பிடிக்காததற்குக் காரணம் பெரும்பாலும் பிரேக் அல்ல. காற்று ரயரில் காற்றுக் குறைந்தால் ரயர் சுருங்கி, பிரேக் கட்டை அதை எட்டாமல் நிற்கும். முதலில் காற்றடியுங்கள், பிறகு வேண்டுமானால் பிரேக் பிடியின் ஆணியைத் தளர்த்தி ரயர் பக்கமாகத் தள்ளி இறுக்குங்கள். ரயர் வாங்கும்போது கவனம். 24 x 1 3/8 என்று சொல்லிச் சைக்கிள் கடையில் வாங்கினால் அதில் இரண்டு அளவு உண்டு. ரயரின் பக்கவாட்டில் 37-540 என்றோ 37-547 என்றோ பொறித்திருக்கும். சக்கர நாற்காலிக்கு வழமையாக 540. மற்றது 7 மில்லிமீற்றர் பெரிது, விளிம்பில் நிற்காது. பழைய ரயரைக் கையில் கொண்டுபோய் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ரயர் 4, ரியூப் 6, பிரேக் ஒரு சோடி, கால்தட்டு ஒரு சோடி, கைப்பிடிப் பஞ்சு ஒரு சோடி. ஊன்றுகோலுக்கும் நடைச்சட்டத்துக்கும் அடி ரப்பர் மட்டும் தாராளமாக வையுங்கள். விலை குறைந்த பொருள், ஆனால் தேய்ந்தால் சிமெந்துத் தரையில் ஆள் வழுக்கி விழும்.

*காற்று மெத்தை திரும்பி வரும்போதெல்லாம் ஓட்டை. சைக்கிள் சொலூசன் போட்டு ஒட்டினால் இரண்டு நாளில் கழருகிறது. கழுவுவதற்கும் ஒரு முறை சொல்லுங்கள்.*
– வாசகி, ஒட்டுசுட்டான்

சைக்கிள் சொலூசன் ரப்பருக்குரியது. மெத்தை பி.வி.சி., அதற்கு வினைல் பசையும் பி.வி.சி. ஒட்டும் வேண்டும். மெத்தையோடு வந்த ஒட்டுப் பொட்டலத்தைத் தூக்கி எறியாதீர்கள். சவர்க்கார நுரை தடவிக் குமிழி வரும் இடத்தைக் குறித்து, நன்றாக உலர்த்தி, ஒட்டி, பாரம் வைத்து ஒரு நாள் விடுங்கள். ஓட்டைக்குக் காரணம் ஊசிப்பின், கட்டில் பலகையில் தலைநீட்டிய ஆணி, களஞ்சியத்தில் எலி. மூன்றாவது உங்கள் பொறுப்பு. மடித்து அட்டைப்பெட்டியில் வைக்காமல், தளர்வாகச் சுருட்டி மூடியுள்ள பிளாஸ்ரிக் பீப்பாவில் வையுங்கள்.

ஓட்டை இல்லாமலே மெத்தை தாழ்ந்தால் பம்பைப் பாருங்கள். சத்தம் வழமைபோலிருந்து காற்று மெலிந்தால் உள்ளே ரப்பர் சவ்வு கிழிந்திருக்கும். சவ்வுச் சோடி ஐந்து பம்புக்கு இரண்டு வீதம் வாங்கி வைக்கலாம். தயார் என்று அட்டை மாற்றுமுன் மெத்தையை 30 நிமிடம் ஊதவிட்டு, ஒருவரைப் படுக்கவைத்து, இடுப்புக்குக் கீழே மெத்தையின் அடியில் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். எலும்பு கையில் முட்டினால் அது படுக்கைப்புண்ணைத் தடுக்காது.

கழுவுவது: முதலில் சவர்க்காரத் தண்ணீரால் அழுக்கை எடுக்கவேண்டும். அழுக்கின் மேல் குளோரின் வேலை செய்யாது. 5 சதவீதக் குளோரின் பிளீச் என்றால் 20 மில்லிலீற்றருக்கு 980 மில்லிலீற்றர் தண்ணீர், அது 0.1 சதவீதம். இரத்தம் பட்டிருந்தால் 100க்கு 900. 10 நிமிடம் விட்டு நல்ல தண்ணீரால் துடைக்கவேண்டும், இல்லாவிட்டால் இரும்பு கறள் பிடிக்கும். கலவையை அன்றன்றே செய்யுங்கள். மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு கலந்தால் நச்சுவாயு வரும். மூக்குக்குழாய், மாஸ்க், நெபுலைசர்க் கிண்ணம் ஆகியவற்றைக் கழுவி இன்னொருவருக்குக் கொடுக்கவே கூடாது. அவற்றின் விலையை முதல் மாத வாடகையில் சேர்த்துவிடுங்கள்.

*மலிவாக வரும் பெயரில்லாப் பெட்டிகளை வாங்கி விற்கலாமா?*
– வாசகர், வவுனியா

வேண்டாம். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் மருத்துவ சாதனங்களையும் உள்ளடக்குகிறது. பதிவுள்ள இறக்குமதியாளரிடம் வாங்கி, தொகுதி இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு தொகுதி பழுது என்று திருப்பி அழைத்தால் யார் யாருக்கு விற்றீர்கள் என்று சொல்ல வேறு வழி இல்லை.

*நோயாளி இறந்துபோனால் சாமானை எப்படித் திருப்பிக் கேட்பது? கேட்க மனம் வருவதில்லை. கட்டில் இரண்டு ஆறு மாதமாக இரண்டு வீடுகளில் கிடக்கிறது.*
– வாசகர், நெடுங்கேணி

கேட்கத் தயங்கும் மனம் நல்ல மனம். ஆனால் அந்தக் கட்டிலுக்காக இன்னொரு வீட்டில் ஒருவர் நிலத்தில் பாய்மேல் கிடக்கிறார். ஒட்சிசன் இயந்திரமோ சும்மா கிடந்தாலே கெடும். ஆகவே இதை முதல் நாள் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்: "தேவை முடிந்தால் அறிவிக்கவும், நாங்களே வந்து எடுப்போம், அறிவித்த நாளோடு வாடகை நிற்கும்." வாடகை ஏறிக்கொண்டே போகிறதென்று பயப்படும் குடும்பங்கள்தான் தொடர்பை விட்டுவிடுகின்றன. நோயாளியின் இலக்கத்தோடு, வேறு வீட்டிலிருக்கும் உறவினர் ஒருவரின் இலக்கத்தையும் வாங்குங்கள்.

செய்தி தெரிந்ததும் செத்தவீட்டுக்குப் போய்வாருங்கள், சாமான் பேச்சு வேண்டாம். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்தபின் அந்த உறவினரோடு பேசுங்கள். 31ஆம் நாள் அந்தியேட்டி வரை விடுவது பெரிய கட்டிலுக்குச் சரி. ஒட்சிசன் இயந்திரத்தை எட்டு முடிந்த கையோடு எடுத்துவிடவேண்டும். எடுக்கப் போகிறவர் துணி, கயிறு, திருப்புளி எல்லாம் கொண்டுபோய்த் தானே கழற்றி, அந்த இடத்தைக் கூட்டித் துடைத்துவிட்டு வரட்டும். பாகம் ஏதும் குறைந்தால் அன்று வாயைத் திறக்கவேண்டாம். முற்பணத்தை முழுதாகக் கொடுப்பதா, கழிப்பதா என்பதை அடுத்த கிழமை பேசலாம்.

*அடுத்ததாக எதை வாங்குவது என்று எப்படித் தீர்மானிப்பது?*
– வாசகி, மாங்குளம்

மேசையில் இன்னொரு கொப்பி வையுங்கள். இல்லையென்று சொல்லி அனுப்பியவற்றை மட்டும் அதில் எழுதுங்கள்: திகதி, என்ன கேட்டார்கள், எந்த ஊர், எத்தனை நாளைக்கு. மூன்று மாதத்தில் காற்று மெத்தை 11 தரம், கட்டில் 2 தரம் என்று வந்தால் மெத்தையை வாங்குங்கள். வாங்குமுன் "திருத்த" ஆணியைப் பாருங்கள். அங்கே மூன்று மெத்தை அட்டை தொங்கினால் உங்களுக்கு வேண்டியது புது மெத்தை அல்ல, ஒரு குப்பி வினைல் பசையும் சவ்வுச் சோடி இரண்டும்.